பட்டறைப் பதில்கள்: நாலு முறை உடைந்த பிராக்கெட்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வயது 71. 1996-ம் வருட அம்பாசிடர் டீசல் கார் வைத்திருக்கிறேன். புதிதாக வாங்கிய நாள் முதல் வேறு யாரும் ஓட்டியதில்லை. தோள்பட்டை வலி வந்ததால் மூன்று வருடங்களுக்கு முன் என் மகன் இதில் பவர் ஸ்டியரிங் மாட்டிக் கொடுத்தான். வேறொரு காரிலிருந்து எடுத்த பழைய பம்ப்பும் ராக்கும் (முன் சக்கரங்களைத் திருப்பும் பற்சட்டம்) வாங்கி, பம்ப் உட்காரும் பிராக்கெட்டைப் பட்டறையிலேயே செய்து பொருத்தினார்கள். ஏழெட்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு பிராக்கெட்டில் விரிசல் வந்தது. வெல்டிங் வைத்தோம். நாலு மாதத்தில் அதே இடத்தில் துண்டாகவே உடைந்தது. 6 எம்எம் தகட்டுக்குப் பதிலாக 10 எம்எம் தகட்டில் புதிதாகச் செய்தார்கள். இந்தத் தடவை தகடு தாங்கியது, போல்ட் முறிந்தது. வேறு போல்ட் போட்டார்கள். போன மாதம் திருமயம் போகும் வழியில் ஒரு வளைவில் அதுவும் போய், பெல்ட் கழன்று, ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டது. எதிரே வண்டி வராததால் பிழைத்தேன். ‘இந்த எஞ்சினுக்கு இது ஒத்துவராது, எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்’ என்கிறார் மெக்கானிக். படங்கள் அனுப்பியிருக்கிறேன். கழற்றிவிட வேண்டியதுதானா?
(காரைக்குடி வாசகர்)

பதில்: கழற்ற வேண்டாம் சார். ஆனால் நான் சொல்லும் வேலை முடிகிற வரைக்கும் அந்தக் காரை எடுக்காதீர்கள். பம்ப் பெல்ட்டை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். ஓட்டலாம்தான். ஆனால் பவர் ஸ்டியரிங்குக்கென்று செய்த ராக்கைப் பம்ப் இல்லாமல் திருப்பினால், உங்கள் காரில் முதலில் இருந்த சாதாரண ஸ்டியரிங்கை விடவும் கனமாக இருக்கும். பம்ப் உதவும் என்ற நம்பிக்கையில் அந்த ராக்கைக் குறைந்த சுற்றில் முழுவதும் திரும்புகிற மாதிரி செய்திருப்பார்கள், உள்ளே இருக்கும் ஆயிலையும் உங்கள் கைதான் தள்ள வேண்டும். தோள் வலியோடு அது வேண்டாம். அவசரத்துக்கு நகர்த்தியே ஆக வேண்டும் என்றால், அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். தெரியாமல் கழற்றி எஞ்சினைச் சூடாக்கிக் கெடுத்தவர்கள் உண்டு.

இப்போது படங்களுக்கு வருகிறேன். ஆறு படங்கள் அனுப்பியிருந்தீர்கள். இரண்டாவது படத்தில் உடைந்த 6 எம்எம் தகட்டின் உடைந்த முகம் தெளிவாகத் தெரிகிறது. பழையதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து படம் எடுத்தீர்களே, அதற்கு நன்றி. உடைந்த பாகம்தான் எனக்குச் சாட்சி. அந்த முகத்தில் முக்கால்வாசி வழவழப்பாக, கறுத்து, கொஞ்சம் துருவேறி இருக்கிறது. மீதி ஓர் ஓரம் மட்டும் சர்க்கரை உடைந்த மாதிரி பளபளக்கிறது. வழவழப்பான பகுதி பல வாரங்களாக மெதுவாக விரிந்துகொண்டே வந்த விரிசல். பளபளக்கும் ஓரம் கடைசி நாளில் ஒரே நொடியில் பிய்ந்தது. ஒரே அடியில் பலம் தாங்காமல் உடைந்திருந்தால் முகம் முழுக்க ஒரே மாதிரி இருந்திருக்கும். ஆகவே இது இரும்பு களைத்துப்போய் விட்ட உடைப்பு. தகடு மெலிதாக இருந்ததால் உடைந்தது என்று உங்கள் மெக்கானிக் நினைத்ததில்தான் வேலை தடம் மாறிவிட்டது.

களைப்பு எங்கிருந்து வருகிறது? நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை டீசல் எரியும். ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 750 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 1,500 உதறல், ஒரு மணி நேரத்துக்கு 90,000. அதுவும் அம்பாசிடரின் 1489 சிசி டீசல் எஞ்சின் ஐட்லிங்கில் எப்படி ஆடும் என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். பானெட்டில் வைத்த தம்ளர் நகர்ந்துகொண்டே போகும். அந்த ஒவ்வொரு உதறலிலும் பம்ப்பின் எடை பிராக்கெட்டை ஆட்டுகிறது. அது போக, வண்டி நின்ற இடத்தில் நீங்கள் ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்துப் பிடிக்கும்போது பம்ப்புக்கு ஒரு குதிரைசக்திக்கும் மேல் வேண்டியிருக்கும். அந்த இழுப்பு முழுவதும் பெல்ட் வழியாகப் பிராக்கெட்டின் மேல்தான் விழும்.

இதையெல்லாம் தாங்க முடியாதா என்றால், தாராளமாக முடியும். நன்றாக இறுக்கிய பிராக்கெட் இதையே இருபது வருடம் தாங்கும். போல்ட் எதற்கு இருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிராக்கெட் நகராமல் தடுக்கும் முளை போலத்தான் போல்ட்டைப் பலரும் நினைக்கிறோம். உண்மையில் போல்ட்டின் வேலை அழுத்துவது. தலையில் 8.8 என்று (வலுவைச் சொல்லும் தர எண்) போட்ட ஒரு 8 எம்எம் போல்ட்டைச் சரியாக இறுக்கினால் அது பிராக்கெட்டை எஞ்சினோடு கிட்டத்தட்ட ஒன்றரை டன் வலுவில் அமுக்கிப் பிடிக்கும். அந்த அமுக்கத்தில் இரண்டு இரும்பும் ஒரே இரும்பு மாதிரி ஆகிவிடும், உதறல் அதை எதுவும் செய்யாது. அழுத்தம் போய்விட்டால் ஒவ்வொரு உதறலுக்கும் பிராக்கெட் மயிரிழை அளவு நகரும். போல்ட் வளையும், நிமிரும். தகடு வளையும், நிமிரும். மணிக்கு 90,000 தடவை.

உங்கள் நான்காவது படத்தில் இது அப்படியே தெரிகிறது. எஞ்சினில் பிராக்கெட் உட்காரும் முகத்தில், போல்ட் ஓட்டையைச் சுற்றி இரும்பு தேய்ந்து கண்ணாடி மாதிரி மின்னுகிறது. அதைச் சுற்றிக் காவிப்பொடி தூவிய மாதிரி ஒரு செந்தூள். மழையில் நனைந்து வரும் துரு இப்படி இருக்காது. இரண்டு இரும்பு ஒன்றோடொன்று தேய்ந்தால் வரும் தூள் இது. எங்கே இந்தத் தூளைப் பார்த்தாலும், போல்ட் தளர்ந்திருக்கிறது, பல நாளாகத் தளர்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

ஆனால் உங்கள் மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் இறுக்கித்தானே மாட்டினார், ஏன் தளர்கிறது? இதற்கான பதில் ஐந்தாவது படத்தில் இருக்கிறது. முறிந்த போல்ட்டின் மரையைப் பாருங்கள். நுனியில் மூன்று சுற்று மரை நசுங்கிப் பளபளக்கிறது. அதற்கு மேல் உள்ள மரை எல்லாம் புதிது போலக் கறுப்பாகவே இருக்கிறது. அதாவது அந்த போல்ட் மூன்று சுற்றுக்கு மேல் எஞ்சினுக்குள் போகவே இல்லை. அங்கேயே கடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. கைக்கு ‘டைட்’ ஆன மாதிரி இருந்திருக்கும்.

சார், உங்கள் எஞ்சின் மோரிஸ் காலத்துப் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சினின் வழிவந்தது. அதன் மரைகள் அங்குல மரைகள். இப்போது கடையில் போல்ட் கேட்டால் தருவது எம்எம் மரை. 5/16 அங்குலம் என்பது 7.94 எம்எம். 8 எம்எம் போல்ட்டுக்கும் அதற்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் 5/16 பொடி மரை போல்ட்டில் ஓர் அங்குலத்துக்கு 24 மரை, பெரு மரையில் 18. சாதாரண 8 எம்எம் போல்ட்டில் அதே நீளத்துக்கு 20 சொச்சம். ஆகவே முதல் இரண்டு மூன்று சுற்று உள்ளே போகும், பிறகு மரையோடு மரை மோதி நின்றுவிடும். இன்னும் அழுத்தித் திருப்பினால் எஞ்சினின் மரையை அறுத்துக்கொண்டு ஏறும்.

இதில் இன்னொரு வில்லங்கம் ஸ்பானர். 5/16 போல்ட்டின் தலை அரை அங்குலம், அதாவது 12.7 எம்எம். 8 எம்எம் போல்ட்டின் தலை 13 எம்எம். 13-ம் நம்பர் ஸ்பானர் இரண்டிலும் உட்காரும். அதனால் சந்தேகமே வராது. இன்றைக்கு வேலை கற்கும் பையன்கள் எம்எம் வண்டிகளிலேயே வளர்ந்தவர்கள். அங்குல மரை என்று ஒன்று இருப்பதை யாராவது காட்டிக் கொடுத்தால்தான் அவர்களுக்குத் தெரியும். உங்கள் மெக்கானிக் மேல் கோபப்படாதீர்கள்.

நானே இதைச் செய்திருக்கிறேன். 1987-ல் எனக்குப் பத்தொன்பது வயது. கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் கைவேலை கற்றுக்கொண்டிருந்தேன். ஒரு அம்பாசிடரில் டைனமோ பிராக்கெட் போல்ட் காணவில்லை. டப்பாவில் துழாவி ஒன்றை எடுத்து, ஸ்பானருக்குப் பைப் மாட்டி இறுக்கினேன். பத்து நாளில் அந்த வண்டி ஊட்டி மலையில் நின்றுவிட்டது. குழந்தைகளோடு ஒரு குடும்பம், இரவு நேரம், குன்னூருக்குக் கீழே. மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். எங்கள் பெரிய மெக்கானிக் என்னைத் திட்டவில்லை. மேசை டிராயரிலிருந்து, மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜை எடுத்து, முறிந்த போல்ட்டில் வைத்து வெளிச்சத்தில் காட்டினார். கேஜின் பல்லுக்கும் மரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. ‘மரையைக் கையால ஏத்தணும். கடைசி வரைக்கும் விரல்லயே போகணும். ஸ்பானர் கடைசி கால் சுத்துக்குத்தான்’ என்றார். அன்றிலிருந்து இன்றுவரை விரலால் ஏறாத போல்ட்டை நான் ஸ்பானரால் ஏற்றியதில்லை. அந்தக் குழந்தைகள் மலையில் இருட்டில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

சரி, இப்போது வேலை. எஞ்சினில் இருக்கும் பழைய மரை அநேகமாக அறுந்து போயிருக்கும். முறிந்த துண்டு ஏதாவது உள்ளே நின்றால், அதை நடுவில் சென்டர் பஞ்ச் வைத்து, சின்ன டிரில்லில் தொடங்கி எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு. அறுந்த ஓட்டையைக் காப்பாற்ற நான் செய்வது, அதைப் பெரிதாக்கி 10 எம்எம் மரை போடுவது. 8.5 எம்எம் டிரில், பிறகு மரை வெட்டும் 10 எம்எம் டேப், 1.5 பிட்ச் (மரைக்கு மரை 1.5 எம்எம்). டேப் மூன்று வரும். மூன்றையும் வரிசையாகப் போட வேண்டும், முதல் டேப்போடு நிறுத்திவிட்டால் அடியில் மரை முழுதாக வராது, மறுபடி போல்ட் பாதியில் நிற்கும். வார்ப்பிரும்புக்கு எண்ணெய் வேண்டாம், காய்ந்தபடியே டேப் போடலாம். அடிக்கடி பின்னால் சுற்றித் தூளை வெளியே எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

டிரில் ஓடுவதற்கு முன்னால் ஒரு கம்பியை விட்டு ஓட்டையின் ஆழத்தை அளந்து, அந்த அளவுக்கு டிரில்லில் ஒட்டுநாடா சுற்றி அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். அதைத் தாண்டினால் பின்னால் தண்ணீர் ஓடும் அறையோ ஆயில் ஓடும் வழியோ இருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் அவசரம் காட்டினால் எஞ்சினே போய்விடும். குறைந்தது 15 எம்எம் ஆழத்துக்கு மரை கிடைக்க வேண்டும். ஓட்டையைச் சுற்றி இரும்பு மெலிதாக இருந்து 10 எம்எம் போட இடமில்லை என்றால், ஹெலிகாயில் (ஓட்டைக்குள் வைக்கும் கம்பிச்சுருள் மரை) போட்டு பழைய 5/16 அளவுக்கே கொண்டுவரலாம். அப்போது போல்ட்டும் அங்குல போல்ட்தான் வேண்டும். கார் கடையில் கிடைக்காவிட்டால் பழைய மாஸி ஃபெர்குசன் டிராக்டருக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் கேளுங்கள். அந்த டிராக்டர்களிலும் அங்குல மரைதான். காரைக்குடி, புதுக்கோட்டைப் பக்கம் டிராக்டர் கடைக்குப் பஞ்சமில்லை.

எந்த வழியில் போனாலும், வேலை முடிந்ததும் பெயின்ட்டால் பிராக்கெட்டின் மேல் ‘10 எம்எம்’ என்றோ ‘5/16’ என்றோ எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஐந்து வருடம் கழித்து வேறு யாரோ கழற்றுவார்கள்.

இனி பிராக்கெட். இப்போது இருக்கும் 10 எம்எம் தகடு கனம்தான், ஆனால் ஆறாவது படத்தைப் பார்த்தால் அது இரண்டே போல்ட்டில் தொங்குகிறது. இரண்டும் ஒரே வரிசையில், முன்பக்கம். பம்ப்பின் பின்பக்கத்துக்குப் பிடிமானமே இல்லை. சுவரில் அடித்த அலமாரித் தட்டின் முன் ஓரத்தில் அரிசி மூட்டையை வைத்த மாதிரி. தகட்டைக் கனமாக்கினால் தகடு வளையாது, அதனால் வளைகிற வேலை முழுவதும் போல்ட்டுக்குப் போய்விடும். மூன்றாவது தடவை தகட்டுக்குப் பதில் போல்ட் முறிந்தது அதனால்தான். எனவே பம்ப்பின் பின்பக்கத்திலிருந்து எஞ்சினுக்கு மூன்றாவது கால் ஒன்று கட்டாயம் வேண்டும். எஞ்சினில் சும்மா இருக்கும் மரை ஓட்டை ஏதாவது அந்தப் பக்கம் இருக்கும், தேடினால் கிடைக்கும். சிலிண்டர் ஹெட் நட்டுகளில் மட்டும் கால் போட விடாதீர்கள், ஹெட் கேஸ்கெட் பாழாகும். சேஸிஸிலும் கட்டக் கூடாது. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் ஆடும், சேஸிஸ் ஆடாது. நடுவில் மாட்டிக்கொண்ட பிராக்கெட் ஒரே வாரத்தில் பிய்ந்துவிடும்.

8 எம்எம் தகடு போதும். உள்மூலையில் முக்கோணத் துண்டு ஒன்று வைத்து வெல்டிங் செய்தால் 10 எம்எம்மை விட விறைப்பாக இருக்கும். ஓட்டைகளை டிரில்லில்தான் போட வேண்டும். கேஸ் கட்டிங்கில் அறுத்த ஓட்டையின் ஓரம் கரடுமுரடாக இருக்கும், அந்தப் பிசிறில்தான் அடுத்த விரிசல் பிறக்கும். ஓரங்களை அரத்தால் ராவி மழுக்கச் சொல்லுங்கள்.

வெல்டிங் வைத்தால் இரும்பு இழுத்துக்கொள்ளும், தட்டையாக இருந்தது கொஞ்சம் கோணும். கோணிய பிராக்கெட்டை போல்ட்டால் இழுத்து எஞ்சினோடு ஒட்டவைத்தால், வண்டி ஸ்டார்ட் ஆகும் முன்பே அதற்குள் இழுவிசை நிற்கும். எனவே வெல்டிங் ஆறியபின் மாட்டிப் பார்க்கும்போது, இரண்டு போல்ட்டை இறுக்கி மூன்றாவதைத் தளர்வாக விட்டு, மூன்றாவது காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பார்க்க வேண்டும். இடைவெளி இருந்தால் அதே கனத்துக்கு ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வெட்டி வைக்க வேண்டும், அல்லது லேத்தில் கொடுத்து முகத்தைச் சமமாக்கி வாங்க வேண்டும். கோயம்புத்தூர் கணபதியில் எனக்குத் தெரிந்த லேத்காரர் ஒருவர் இந்த மாதிரிச் சின்ன வேலையைக் கூட நாலு தடவை மாட்டிப் பார்த்துத்தான் கொடுப்பார். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். தேடிப் பிடியுங்கள்.

பிராக்கெட்டை எஞ்சினில் வைத்தே வெல்டிங் அடிக்க யாரையும் விடாதீர்கள். அளவு பார்க்க இரண்டு பொட்டு வைப்பது என்றாலும் பேட்டரி ஒயரையும் ஆல்டர்நேட்டர் ஒயரையும் கழற்றிவிட்டு, எர்த் கிளிப்பைப் பிராக்கெட்டிலேயே கடிக்கவைக்க வேண்டும். பம்ப் அந்த நேரத்தில் பிராக்கெட்டில் இருக்கவே கூடாது. வெல்டிங் சூட்டில் அதன் ஆயில் சீல் கருகும்.

பிராக்கெட்டும் எஞ்சினும் சேரும் முகத்தில் பெயின்ட் அடிக்க வேண்டாம். பெயின்ட் நாளடைவில் நசுங்கி மெலியும், அந்த அளவுக்கு போல்ட் தளரும். துருவுக்குப் பயந்தால் மாட்டி முடித்தபின் வெளியே அடித்துக்கொள்ளலாம். போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். எண்ணே இல்லாத போல்ட் ஜன்னல் கிரில்லுக்குத்தான் லாயக்கு. 10 எம்எம் போல்ட்டை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து நாலரை முதல் ஐந்து கிலோகிராம்-மீட்டர் (kg-m) வரை இறுக்கலாம். மரையில் நீல லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. ஸ்பிரிங் வாஷரை நம்பி இருக்க வேண்டாம்.

பெல்ட் வரிசை இன்னொரு முக்கியமான இடம். கிராங்க் புல்லியின் முகத்தில் ஒரு நேரான கம்பியையோ இறுக்கிப் பிடித்த நூலையோ வைத்துப் பம்ப் புல்லி வரை பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். 30 செ.மீ. தூரத்துக்கு ஒன்றரை எம்எம்முக்கு மேல் விலகல் இருக்கக் கூடாது. உங்கள் பம்ப் புல்லி லேத்தில் கடைந்தது என்று படத்திலேயே தெரிகிறது. எஞ்சின் ஓடும்போது அது தள்ளாடுகிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். தள்ளாடினால் பிராக்கெட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. பெல்ட்டை வீணைக் கம்பி மாதிரி முறுக்கக் கூடாது. நீளமான பக்கத்தின் நடுவில் கட்டை விரலால் நன்றாக அழுத்தினால் ஒரு செ.மீ. அளவுக்கு இறங்க வேண்டும். கீச்சென்று சத்தம் வந்தால் இன்னும் இறுக்குவது நம் ஊர்ப் பழக்கம். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போல மின்னினால் பெல்ட்டை மாற்றுங்கள், இறுக்காதீர்கள்.

முதல் படத்தில் ஒன்றைப் பார்த்தேன், நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பம்ப்பிலிருந்து ராக்குக்குப் போகும் பிரஷர் ஹோஸ் விறைப்பாக, தொய்வே இல்லாமல் நிற்கிறது. ராக் பாடியோடு இருக்கிறது, பம்ப் எஞ்சினோடு ஆடுகிறது. நடுவில் ஹோஸுக்குத் தொய்வு இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது பம்ப்பைப் பிடித்து இழுக்கும். கொஞ்சம் நீளமான ஹோஸ் செய்து, புகைக்குழாயிலிருந்து நன்றாக விலக்கிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். சூடான குழாயில் இந்த ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கும். எஞ்சின் மவுண்டிங் ரப்பர்களையும் ஒரு கண் பாருங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று?

மாட்டி முடித்ததும் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பிராக்கெட்டுக்கு ஒரு வெள்ளைக் கோடு பெயின்ட்டில் இழுத்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை பானெட்டைத் திறந்து பாருங்கள். கோடு நேராக இருந்தால் போல்ட் நகரவில்லை. செந்தூள் எங்காவது தெரிந்தால் உடனே எனக்கு எழுதுங்கள். ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்து ஐந்து நொடிக்கு மேல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம். வண்டி மெல்ல நகரும்போதே திருப்பப் பழகுங்கள். உங்கள் மெக்கானிக்கிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், நிதானமாக உட்கார்ந்து செய்தால் இரண்டு நாள் வேலை.

கேள்வி: என் அப்பா விட்டுச் சென்ற 1999 ஹோண்டா சிட்டியை நான்தான் ஓட்டுகிறேன். பவர் ஸ்டியரிங் ஆயில் குறைந்திருக்கிறது என்று சொல்லி, தெரிந்த பையன் ஒருவன் பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டான். ஒரு கிலோமீட்டர் ஓட்டியபின்தான் தெரிந்தது. என்ன ஆகும்?
(ஈரோடு வாசகி)

பதில்: சகோதரி, இனி ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பிரேக் ஆயில் கிளைகால் வகையைச் சேர்ந்தது. பவர் ஸ்டியரிங்கில் இருக்கும் ரப்பர் சீல்களுக்கு அது ஆகாது, ஊதிப் பருத்து மென்மையாகிவிடும். ஒரு கிலோமீட்டர்தான் என்பதால் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. டப்பாவில் இருப்பதைப் பெரிய சிரிஞ்சால் முழுக்க உறிஞ்சி எடுங்கள். ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, டப்பாவில் அதன் வாயை அடைத்துவிட வேண்டும். முன் சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, எஞ்சினைப் போடாமல் ஸ்டியரிங்கைக் கையால் இரண்டு பக்கமும் கடைசி வரை மெதுவாகத் திருப்பத் திருப்பப் பழைய ஆயில் பாட்டிலுக்கு வரும். மேலே புது ஆயிலை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், டப்பா காலியாக விடக் கூடாது. இரண்டு லிட்டராவது இப்படி ஓடவிடுங்கள். இந்தக் காருக்கு ஹோண்டாவின் பவர் ஸ்டியரிங் ஆயில்தான், மற்ற கார்களுக்கு ஊற்றும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) வேண்டாம். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும், சிந்திய இடத்தை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஒரு மாதம் வரை காலையில் வண்டிக்கு அடியில் சொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவின் கார் என்று எழுதியிருந்தீர்கள். டப்பா மூடியின் மேல் ஆயிலின் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: பவர் ஸ்டியரிங் பம்ப் பிராக்கெட் அலுமினிய வார்ப்பு. போல்ட் மாட்டும் காது உடைந்துவிட்டது. வெல்டிங் நிற்குமா அண்ணா? பட்டறை தொடங்கி ஒரு வருடம்தான் ஆகிறது.
(தருமபுரி வாசகர்)

பதில்: தம்பி, ஆர்கான் வெல்டிங்கில் பிடிக்கும், ஆனால் வார்ப்பு அலுமினியம் எண்ணெயைக் குடித்திருக்கும். நன்றாகக் கழுவி, சூடுபடுத்தி, மறுபடி துடைத்து, விரிசலை வி மாதிரிக் கீறித்தான் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் பழைய வார்ப்பு போல அது நிற்காது, வெல்டிங்குக்குப் பக்கத்தில் அலுமினியம் மென்மையாகிவிடும். ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட இடம் என்பதால் நான் வெல்டிங் வைக்க மாட்டேன். சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய கார்களின் பிராக்கெட் முழுதாகக் கிடைக்கும். உடைந்ததையும் கையில் எடுத்துப் போய், இரண்டையும் அடுக்கி ஓட்டைகள் சேர்கின்றனவா என்று பார்த்து வாங்கு. வாங்கியதை வெளிச்சத்தில் வைத்து, ஒவ்வொரு காதின் வேரிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுக் காசு கொடு.